மேல் வலது மூலை

இந்த மாதக் கடைசியோடு நான் இந்தப் பட்டறையை விட்டுப் போகிறேன். மோட்டார் வாகன ஆய்வாளராகச் சேர உத்தரவு வந்துவிட்டது. இனிமேல் ஒரு வண்டி என் முன்னால் வந்து நின்றால், அது ஓடத் தகுதியானதா இல்லையா என்று சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும். தகுதியில்லாததைத் தகுதியாக்குவது புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருடைய வேலை. அதை விட்டுப் போவதில் எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் சேர்ந்த முதல் வாரமே, "அக்கா, எல்லா செட்டிங்கையும் ஒரு லிஸ்ட்டா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள் என்பது கடை முழுக்கத் தெரியும். டீ வாங்கி வரச் சொன்னால்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் கேட்ட பட்டியல் கேஸ் கிட்டோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. அழுத்தம் எவ்வளவு, எந்தச் சூட்டில் பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். ஏழுமலை அண்ணாவின் வண்டி மலையேறிய கதை அது.

அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அடி அண்ணாமலைக்காரர். வெள்ளை ஏழு சீட் வண்டி. ஃபில்டர் மாற்ற வந்தால் நேராக உள்ளே வந்து நம் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த டிவியில என்ன சீரியல் ஓடுது?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்பவர்.

முதலில் லேப்டாப்பில் தெரியும் அந்தக் கட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலுக்காகப் பிறந்த இஞ்சினுக்கு நாம் கேஸைப் பழக்குகிறோம். பழக்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, எந்த நிலைமையில் எவ்வளவு கேஸ். இரண்டு, தீப்பொறியை எவ்வளவு முன்னதாகக் கொடுப்பது. கேஸ் மெதுவாக எரியும், அதனால் பொறி சற்று முந்த வேண்டும். வண்டி ஓட ஓட, இஞ்சின் எந்தெந்த நிலைமையைக் கடந்ததோ அந்தந்த இடத்தில் திரையில் ஒரு புள்ளி விழும். நின்றுகொண்டு உறுமினால் கீழ் இடது மூலை. ஆள் ஏற்றிக்கொண்டு, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்து மேடு ஏறினால் மேல் வலது மூலை. புள்ளி விழாத இடத்தில் கணினி தானாக ஒரு கோட்டை இழுத்துக்கொள்ளும். பார்க்க அழகான கோடாக இருக்கும். அது வெறும் ஊகம் என்பது பார்வையில் தெரியாது.

இந்தக் கடையின் வழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். வேலை முடிந்த வண்டிக்கு நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, உரிமையாளரும் நாமும் ஏறிக்கொண்டு கிரிவலப் பாதையில் ஒரு சுற்று. "சாமியைச் சுத்தாம எந்த வண்டியும் நம்ம கடையை விட்டுப் போவாது" என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார். அந்தச் சுற்றில்தான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாம் புள்ளிகளைச் சேர்ப்போம்.

இந்த வழக்கம் ஏன் வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். மூன்று காரணங்கள் தெரிந்தன. டெஸ்ட் டிரைவ் போகலாம் என்றால் "கேஸ் வீணாவுது" என்று முகம் சுளிக்கிற உரிமையாளர், கிரிவலம் என்றால் மறுக்கவே மாட்டார். சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மூன்றாவது, முதலாளி நிஜமாகவே பக்தியுள்ளவர். எந்தக் காரணத்திலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதையில் எப்படிப் போவோம்? நடந்து போகிறவர்களுக்கு ஒதுங்கி, மாட்டுக்கு நின்று, வேகத்தடைக்கு ஊர்ந்து, இளநீர் வண்டியைச் சுற்றிக்கொண்டு. ஆக்சிலேட்டரைப் பாதிகூட அழுத்த வழியில்லை. கட்டத்தின் கீழ்ப் பாதி முழுக்கப் புள்ளிகள் கொசு மாதிரி மொய்த்துக் கிடக்கும். மேல் வலது மூலை துடைத்து வைத்த மாதிரி காலியாக இருக்கும். இந்த ஊர் சமதரை. நம்மிடம் வருகிற வண்டிகளில் முக்கால்வாசி ஊருக்குள்ளேயே ஓடுபவை, மீதி நான்குவழிச் சாலையில் சீராகப் போய் வருபவை. காலி மூலையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏழுமலை அண்ணா கேஸ் போட வந்ததற்குக் காரணம் இருந்தது. அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் ராத்திரி வண்டி. ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது, அங்கே வந்து இறங்குகிறவர்களை அழைத்து வருவது. அந்த விமானங்கள் எல்லாம் நடுநிசியில்தான் வரும், போகும்.

அவரோடு கிரிவலம் போன அன்று, டேஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையப் பச்சை மிளகாய் இருந்ததைப் பார்த்தேன்.

"என்ன அண்ணா, திருஷ்டிக்கா? எலுமிச்சம்பழத்தோட சேத்துக் கட்டலையா?"

"திருஷ்டிக்கு இல்ல பாப்பா. தூக்கத்துக்கு."

நான் புரியாமல் பார்த்தேன்.

"திண்டிவனம் தாண்டுனா கண்ணு சொருவும். ஒண்ணு எடுத்துக் கடிச்சா செங்கல்பட்டு வரைக்கும் தாங்கும்." சிரித்துக்கொண்டே சொன்னவர், ஒரு வேகத்தடையை மெதுவாக ஏறி இறங்கிவிட்டுத் தொடர்ந்தார். "போன மாசம் அதுவும் தாங்கல. முழிச்சுப் பாத்தா வண்டி ரோட்டை விட்டு மண்ணுல ஓடுது. பின்னாடி ஒரு வெள்ளக்கார அம்மா நல்லாத் தூங்குது. அதுங்கிட்ட சொல்லவேல்ல. எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொன்னேன். அன்னிக்கு ராத்திரிலேந்து அவ தூங்க மாட்றா."

அதற்கு ஒரு வழி பிறந்திருந்தது. வேங்கிக்காலில் குடியிருக்கும் ஐந்து ஆசிரியைகள் ஜவ்வாது மலையில் உள்ள ஒரு பள்ளிக்குத் தினமும் போய் வர வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். விடிந்து புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பும் வண்டி. அவர்களில் மூத்தவரான கணக்கு டீச்சர்தான் பேசி முடிப்பவர். பெட்ரோலில் ஓட்டினால் கட்டாது என்பதால்தான் அண்ணா கேஸ் போட வந்தார். மறுநாள் காலை முதல் சவாரி. அது சரியாக அமைந்தால் வருடம் முழுக்க அந்த வண்டி அவருக்கு. பகல் வேலை. ராத்திரி தூக்கம்.

"நாளையிலேந்து இந்த மொளகாயெல்லாம் சாம்பாருக்கு" என்றார்.

சுற்று முடியும் தறுவாயில் நான் கட்டத்தைத் திருப்பி அவரிடம் காட்டினேன். "அண்ணா, இந்த மூலை காலியா இருக்கு பாருங்க. நீங்க நாளைக்கு மலையில ஏத்தும்போது இஞ்சின் இந்த எடத்துலதான் ஓடும். இங்க எவ்ளோ கேஸ் குடுக்கணும்னு எனக்குத் தெரியாது. இப்பவே லோடு ஏத்தினு ஒரு தடவ மலைக்குப் போய் வந்துடலாம்."

"இப்பவா? கேஸே பாதிதான் இருக்குது. பங்க்ல கியூ எங்க நிக்குதுன்னு பாத்தியா? இப்ப போய் நின்னாத்தான் பொழுது போறதுக்குள்ள ரொப்ப முடியும்."

"அப்ப டீச்சர்கிட்ட ஒரு நாள் தள்ளிக் கேளுங்க."

"மொத நாளே தள்ளிப் போட்டா, இவன் இப்பிடித்தான்னு நெனச்சுக்க மாட்டாங்களா? நல்லாச் சொன்ன போ."

கடைக்கு வந்ததும் முதலாளியிடம் சொன்னேன். அவர் கட்டத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார். "நீ சொல்றது சரிம்மா. இத்தினி வருசமா மலைக்குப் போற வண்டி நம்மகிட்ட வந்ததில்ல" என்றார். பிறகு யோசித்து ஒரு வழி சொன்னார். ஏற்றத்தில் மட்டும் பெட்ரோலில் ஓட்டட்டும், மற்ற தூரம் கேஸில் போகட்டும். காலையில் நான் லேப்டாப்போடு முன்சீட்டில் போவது என்றும், திரும்பி வரும்போது ஆள் இல்லாத நேரத்தில் மூலையை நிரப்பிக்கொள்வது என்றும் முடிவானது. ஏழுமலை அண்ணாவும் ஒப்புக்கொண்டார். நல்ல யோசனைதான். இன்று நினைத்தாலும் அதில் ஓட்டை தெரியவில்லை.

மறுநாள் காலை வண்டியில் ஏறியபோது மிளகாய் டப்பா இல்லை. அதன் இடத்தில் ஒரு முழம் மல்லிகை. அண்ணா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். வேங்கிக்காலில் டீச்சர்கள் ஏறினார்கள். கணக்கு டீச்சர் கடைசியாக ஏறி, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

"நம்ம இஞ்சினியர் டீச்சர். வண்டி நல்லாப் போவுதான்னு பாக்க வருது" என்றார் அண்ணா, என்னை அவரே பெற்று வளர்த்த மாதிரி.

நான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். சிவப்புக்குச் சற்று மேலே நின்றது. கேஸ் போட்ட ஓட்டுநர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். கேஸ் வந்த மறுநாளிலிருந்து பெட்ரோல் அவர்களுக்குத் தீக்குச்சி மாதிரி. பற்றவைக்க மட்டும். முந்தின நாள் சொன்னதற்காக அண்ணா கொஞ்சம் போட்டிருந்தார், அவ்வளவுதான். போளூரில் பங்க் வந்தபோது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கலாம் அண்ணா" என்றேன். உள்ளே இரண்டு பேருந்துகளும் ஒரு வரிசை டூவீலர்களும் நின்றன. பின்சீட்டில் ஒரு டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

"திரும்பறப்ப போட்டுக்கலாம் பாப்பா. மலை என்னா இமயமலையா?"

ஏற்றம் தொடங்கியதும் பெட்ரோலுக்கு மாற்றினோம். முதல் சில வளைவுகளை வண்டி சுகமாக ஏறியது. தமிழ் டீச்சர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கொண்டை ஊசி வளைவில், டாங்கில் இருந்த கொஞ்சம் பெட்ரோலும் சரிந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. பம்ப் காற்றை உறிஞ்சியது. வண்டி விக்கியது. இரண்டாவது முறை விக்கியபோது அண்ணா என்னைக் கேட்காமலேயே கேஸுக்கு மாற்றினார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வண்டி இழுத்தது. நூறு அடி இழுத்திருக்கும். அதற்கப்புறம் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த சக்தி குறைந்தது. இஞ்சினுக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. தீபாவளிக்கு நனைந்த பட்டாசு வெடிக்கிற மாதிரி. கேஸ் போதவில்லை, காற்று அதிகம், பொறியோ அளவுக்கு மேல் முந்தி விழுகிறது. இப்படியே அழுத்திக்கொண்டு போனால் வால்வு கருகும். அதற்கு முன்பே வளைவில் நின்றுபோகவும் கூடும். சூடு காட்டும் முள்ளும் மேலே நகரத் தொடங்கியிருந்தது.

"அண்ணா, அந்த அகலமான எடத்துல ஓரம் கட்டுங்க."

நிறுத்தினார். பின்னால் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்துபோனது. நான் லேப்டாப்பைத் திறந்தேன். மேல் மூலை காலி. இப்போது விழுந்த சில புள்ளிகள் கோட்டிலிருந்து விலகிச் சிதறிக் கிடந்தன. எதையும் நம்பி எண்ணைப் போட அவை போதாது.

மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஒன்று, அந்த மூலைக்கு ஓர் எண்ணை ஊகித்துத் தட்டிவிட்டு, எல்லோரையும் வைத்துக்கொண்டு ஏறுவது. இரண்டு, திரும்பிப் போய்ப் பெட்ரோல் போட்டு வருவது. மூன்று, பொறியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, செங்குத்தான வளைவுகளில் டீச்சர்களை இறக்கி நடக்கவைத்து, வெறும் வண்டியை முதல் கியரில் மெதுவாக ஏற்றுவது. இரண்டாவதில் நேரம் நிச்சயமாகப் போய்விடும். மூன்றாவதில் அநேகமாகப் போய்விடும். முதலாவதில் மட்டும்தான் அண்ணாவுக்கு இந்தச் சவாரி மிஞ்சும்.

அவர் என் பக்கம் குனிந்து, பின்னால் கேட்காதபடி சொன்னார். "படிச்சவதானே நீ. உனக்குத் தோணுற நம்பரப் போடு பாப்பா."

"தோணுற நம்பரப் போட முடியாது அண்ணா."

"உம் மனசுல ஒண்ணு இருக்குதில்ல?"

இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. "இருக்கு. அது தப்பாப் போச்சுன்னா அடுத்த வளைவுல வண்டி நின்னு பின்னாடி உருளும். அஞ்சு பேரு உள்ள இருக்காங்க."

"சரியா இருந்துச்சுன்னா?"

நான் பொறியைப் பின்னுக்குத் தள்ளும் எண்ணைத் தட்டினேன். அவர் லாரி போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, பின்கதவைத் திறந்தார். "டீச்சர், ஒரு நாலு வளைவு மட்டும் கொஞ்சம் நடக்கணும். கோச்சுக்காதீங்க."

"கிரிவலம்னு நெனச்சுக்கிட்டு நடக்கலாம் வாங்க" என்று தமிழ் டீச்சர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட்டிருந்தார்கள். செல்போனில் வருகை பதிவு செய்யும் நேரம் தாண்டியிருந்தது. ஐந்து பேருக்கும் அரைநாள் விடுப்பு போனது. அதற்கப்புறம் பகலில் மூலையை நிரப்பும் பேச்சை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை. சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டபோது கணக்கு டீச்சர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"உங்க மேல தப்பு சொல்லல ஏழுமலை. வண்டின்னா ஆயிரம் இருக்கும். ஆனா எங்களால தெனமும் நடக்க முடியாது. வேற வண்டி சொல்லிட்டோம்."

"சரிங்க டீச்சர்."

கடைக்குத் திரும்பும் வழியில் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "நீ அந்த நம்பரப் போட்டிருக்கலாம் பாப்பா." அதற்குப் பிறகு இன்றுவரை அதை அவர் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஆயில் மாற்ற வந்தபோது மிளகாய் டப்பா பழைய இடத்தில் இருந்தது.

நீங்கள் இந்த வேலையில் நிலைத்தால், சரியான முடிவு எடுத்துவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். என் அனுபவம் அப்படியில்லை. அன்று எடுத்த முடிவை நூறு தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். இப்போதும் அதையேதான் எடுப்பேன். ஆனாலும் ராத்திரி ஏதாவது டாக்சி ஹாரன் கேட்டால் திண்டிவனம் நினைவுக்கு வருகிறது. முடிவு சரியா என்பது ஒரு கேள்வி. அந்த முடிவை எடுக்கும்படியான இடத்துக்கு ஒரு மனிதர் ஏன் வந்து சேர்ந்தார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மலைப்பாதையில் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குக் கடையிலேயே, எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்பே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

முதலாளியும் அதை உணர்ந்தார். அதற்குப் பிறகு கேஸ் போட வருகிற எல்லோரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எங்க ஓடிச் சம்பாதிக்கப் போவுது?" மலை என்று பதில் வந்தால், கிரிவலம் முடிந்த கையோடு மலைக்கும் ஒரு நடை. பக்கத்து ஹார்டுவேர் கடையிலிருந்து சிமெண்ட் மூட்டைகளை இரவல் வாங்கி ஏற்றிக்கொண்டு போவோம். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஏழுமலை அண்ணாவின் மூலையை மட்டும் நிரப்ப முடியவில்லை. வரும்போதெல்லாம் கேட்பேன். "மேல போவாத வண்டிக்கு மேல என்ன டெஸ்ட்டு?" என்பார். எனக்கு உத்தரவு வந்த செய்தியைச் சொன்ன அன்று மறுபடியும் கேட்டேன். இந்த முறை அவர் மறுக்கவில்லை.

"போறவ கேக்கற. சரி வா."

போன வாரம் ஒரு காலையில் போனோம். ஐந்து சிமெண்ட் மூட்டைகள். அவரே தூக்கி சீட்டுக்கு ஒன்றாக வைத்தார். "இது தமிழ் டீச்சர். இது சயின்ஸ் டீச்சர். இந்தக் கிழியாத மூட்டை கணக்கு டீச்சர், ஜன்னலோரம் வெச்சாத்தான் கோச்சுக்காம வரும்." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மலையடிவாரத்திலிருந்து கேஸிலேயே ஏற்றினோம். ஒவ்வொரு வளைவுக்கும் நிறுத்தி, கொஞ்சம் கூட்டி, மறுபடி ஏறி, மறுபடி கூட்டி. புள்ளிகள் ஒவ்வொன்றாக மேல் மூலையில் வந்து உட்கார்ந்தன. பொறியையும் அதற்கேற்ப இழுத்து வைத்தேன். பாதி மலையில் சத்தம் அடங்கியது. அந்த அகலமான இடத்தை வண்டி நிற்காமல் கடந்து போனது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் கட்டத்தில் நின்ற எண்ணைப் பார்த்தேன். அன்று என் மனதில் இருந்த எண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. அன்று அதைத் தட்டியிருந்தால் வண்டி ஏறியிருக்கும். அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணா, அன்னிக்கு நான் நெனச்ச நம்பர் கிட்டத்தட்ட இதான்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கீழே சமவெளி வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. "நல்லா ஏறுது பாப்பா" என்றார்.

இறங்கும்போது ஒரு வளைவில் கீழிருந்து வேன் ஒன்று ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். அண்ணா ஒதுங்கி நின்றார். வேன் நெருங்கியபோது அந்தச் சத்தம் கேட்டது. பட். சற்றுப் பொறுத்து இன்னொரு பட். வேனின் கண்ணாடியில் நம் கடை ஸ்டிக்கர், பழைய நிறத்தில். அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்குவதற்கு முன்னால், ஊருக்குள் ஓட யாரோ நம்மிடம் கேஸ் போட்டு, பிறகு கைமாறி மலைக்கு வந்த வண்டியாகத்தான் இருக்கும். உள்ளே ஐந்து டீச்சர்கள். ஜன்னலோரம் கணக்கு டீச்சர்.

நான் கதவில் கை வைப்பதற்குள் அண்ணா இறங்கிவிட்டார். வேனை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டி, ஓட்டுநரின் ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஊர்ப்பேச்சு பேசுகிறவர் மாதிரிப் பேசினார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்; பின்சீட்டுகளுக்குக் கேட்டிருக்காது.

"தம்பி, பெட்ரோல் எவ்ளோ வெச்சிருக்க?"

"பாதி டாங்க் இருக்குதுண்ணா. ஏன்?"

"அப்ப மாத்திக்க. மேல போற வரைக்கும் கேஸ் வேணாம். சத்தம் கேக்குதில்ல, அது வால்வைத் தின்னுடும். சாயங்காலம் நம்ம கடைக்கு எடுத்துனு வா, இந்தப் பாப்பா பாத்துக்கும்."

கணக்கு டீச்சர் தலையை நீட்டினார். "ஏழுமலையா? எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன் டீச்சர். நேரமாவுது, கெளம்புங்க."

வேன் அடுத்த வளைவில் மறையும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தார். போளூருக்குள் நுழைந்தபோது அவருடைய போன் அடித்தது. ஆசிரமம் பக்கத்திலிருந்து யாரோ. அன்று ராத்திரி விமான நிலையத்துக்கு ஆள் கொண்டுபோய் விட வேண்டும். "வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு, மார்க்கெட் ஓரத்தில் ஒரு தள்ளுவண்டிப் பக்கம் நிறுத்தினார்.

இறங்கிப் போய் ஒரு கைப்பிடி பச்சை மிளகாய் வாங்கி வந்து டப்பாவில் போட்டுக்கொண்டார்.